எதிர்க்காற்றில் நொரூஸ் வரை

ஜூலை 3

இந்த நாட்டில் தொடர்ந்து இருக்கலாமா என்று சொல்லப்போகும் கடிதம் வரவில்லை.

ஜூலை 5

இன்றும் இல்லை. தபால்காரர் ஒரு தடவைதான் வருவார் என்று தெரியும். இருந்தும் நான்கு தடவை மாடி இறங்கிப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சைக்கிளின் இடது பெடலில் டக் டக் என்று ஒரு சத்தம், எண்ணெய் விட்டும் போகவில்லை. சாயங்காலம் புதுச்சேரி அக்கா போன் செய்தார். "இப்படியே வீட்டுக்குள்ள கெடந்தா பைத்தியம்தான் பிடிக்கும். அடுத்த சனிக்கிழமை கால்வாய் ஓரமா கஸ்தெல்நோதரி வரைக்கும் போறோம், நீயும் வர்ற" என்றார். கேள்வி இல்லை, உத்தரவு. ஆறு வருஷமாக பிரான்சில் துலூஸ் நகரில் இருக்கிறேன், தினம் வேலைக்குப் போவதே அந்த மிதி கால்வாய்க் (கனால் து மிதி) கரையில்தான், ஆனால் பக்கத்து ஊரான ராமோன்வில்லைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. இப்போது போகாவிட்டால் எப்போது போவேன் என்று தெரியவில்லை.

ஜூலை 8

இல்லை.

ஜூலை 11

ஓதான் காற்று தொடங்கிவிட்டது. தென்கிழக்கிலிருந்து வருகிறது, நாங்கள் போவதும் தென்கிழக்கே. அந்தக் காற்று நாட்கணக்கில் அடித்தால் மனுஷனுக்குப் புத்தி கலங்கிவிடும் என்று இந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ராத்திரி முழுக்க ஜன்னல் கதவு ஆடிக்கொண்டே இருந்தது. தம்பி என்று நான் கூப்பிடும் பையனும் போன் செய்தான். "அக்கா, நாளைக்கு எதிர்க்காத்து. ஞாயிற்றுக்கிழமை போவமோ?" வேண்டாம், நாளைக்கே போவோம் என்றேன். இன்னொரு நாள் காத்திருக்க என்னால் ஆகாது.

ஜூலை 12, இரவு

கை நடுங்குகிறது, எழுத்து கோணலாகத்தான் வரும்.

ஆறரைக்குக் கிளம்பினோம். அக்கா, தம்பி, கீழ் வீட்டுப் பெரியவர், நான். பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது, பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர், எங்கள் எல்லோருக்கும் முன்னால் அவர்தான் போனார். ராமோன்வில் வரை எனக்கு எல்லாம் தெரிந்த இடம். அதைத் தாண்டினதும் பிளாட்டான் மரங்கள் இரண்டு கரையிலிருந்தும் வளைந்து மேலே ஒன்றாகிவிடுகின்றன, தண்ணீர் பச்சையா கறுப்பா என்று சொல்ல முடியாத ஒரு நிறம், காற்று மேலே கிளைகளைப் போட்டு அலைக்கழிக்க, கீழே பாதையில் பாதிதான் எங்களுக்கு வந்தது. மரம் இல்லாத இடத்தில் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட இடங்களில் இரண்டு பக்கமும் சூரியகாந்தி வயல். நடுவில் ஒரு பக்கம் நெடுஞ்சாலை கூடவே வந்தது, லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் நினைத்திருந்த அமைதி அங்கே இல்லை.

ஒவ்வொரு மதகிலும், அதாவது படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவுத் தொட்டியிலும், பெரியவர் நின்றார். மதகின் சுவர்கள் நேராக இல்லை, நடுவில் வயிறு மாதிரி வெளியே வளைந்திருக்கின்றன. முதலில் நேராகத்தான் கட்டினார்களாம், மண் தள்ளிச் சுவர் இடிந்தது, அப்புறம்தான் கால்வாயைக் கட்டிய ரிக்கே இந்த வளைவைக் கொண்டுவந்தார். பொறியியல் படித்தவர் இல்லை ரிக்கே, உப்பு வரி வசூலித்தவர். 1666இல் அரசாணை கிடைத்து, துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோர செத் வரை 240 கிலோமீட்டர். சொந்தச் சொத்தையும் இதில் கொட்டி, 1680 அக்டோபரில் இறந்துபோனார். 1681 மே மாதம்தான் கால்வாய் திறந்தது. ஏழெட்டு மாதம். பெரியவர் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார், எனக்கு அதற்கப்புறம் பத்து கிலோமீட்டருக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

நெக்ரா மதகில் அக்கா பையைத் திறந்தார். இட்லி, மிளகாய்ப்பொடி, தோசைக்கல்லில் சுட்ட வாழைக்காய். அந்தக் காலத்தில் துலூஸிலிருந்து கிளம்பிய தபால் படகு மதியச் சாப்பாட்டுக்கு நின்ற இடம் அது. தபால் என்றதும் அக்கா என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

நொரூஸ். ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருந்தது, கடைசியில் தார்ப்பாதை முடிந்து ஜல்லியாகிவிட்டது, பெடல் இன்னும் டக் டக். பெரிதாக ஒன்றும் இல்லை அங்கே. மரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் வருகிறது, நம்மூரில் வயலுக்குப் பாயுமே அந்த அகலம்தான். கறுப்பு மலையில் சேன் ஃபெரியோல் ஏரியில் தேக்கின தண்ணீர் அது. கால்வாயின் உச்சி இந்த இடம், கடல் மட்டத்துக்கு 190 மீட்டருக்குப் பக்கம். இங்கே வந்து சேர்கிற தண்ணீர் ஒரு பாதி மேற்கே இறங்கி அட்லாண்டிக் பக்கம் போகும், மறு பாதி கிழக்கே மத்தியதரைக் கடலுக்கு. நான் குனிந்து கையில் அள்ளினேன். எது எந்தப் பக்கம் போகும் என்று தண்ணீரைப் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன், ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. தம்பி மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "போனாலும் திரும்பி வரலாம்தானே அக்கா" என்றான். இங்கேயே பிறந்தவன், அவனுக்கு அந்தக் கடிதம் ஒருநாளும் வராது. கோபம் வந்தது, உடனே போய்விட்டது.

ரிக்கேயின் நினைவுத்தூண் பாறைகளின் மேல் நிற்கிறது. அந்தப் பாறை இடுக்குகள் மூடிக்கொள்ளும் நாளில் உலகம் முடியும் என்று ஒரு கதை உண்டாம். பெரியவர் குனிந்து பார்த்து, இன்னும் இடம் இருக்கிறது என்றார்.

கஸ்தெல்நோதரியில் கசூலே. மண்சட்டியில் வெள்ளை பீன்ஸும் வாத்தும் மேலே ஏடு கட்டும் வரை வெந்திருக்கும். மூன்று பேர் சாப்பிட்டோம், சைவக்கார அக்கா ரொட்டியும் சாலட்டும் சாப்பிட்டார். சைக்கிளை ரயிலில் ஏற்றி துலூஸ் திரும்ப ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாள் முழுக்க மிதித்த தூரம்.

வந்ததும் பெட்டியைத் திறந்தேன். இல்லை.

ஜூலை 13

தொடை இரண்டும் கல். காற்று நின்றுவிட்டது.

மரங்கள் மனசை விட்டுப் போகவில்லை. போன வருஷம் கார்கசோனுக்கு அருகே ரயிலிலிருந்து பார்த்தேன், கரை முழுக்க மொட்டை, அடிமரக் கட்டைகள் வரிசையாக. 2006இல் இந்தக் கால்வாயில் நோயைக் கண்டுபிடித்தார்கள், ஒரு பூஞ்சை, மருந்து கிடையாது, வெட்டி எரிப்பதுதான் வழி. மொத்தம் 42 ஆயிரம் பிளாட்டான் இருந்ததாம். நேற்று நாங்கள் போன நிழல் இன்னும் எத்தனை வருஷம்? பதிலுக்கு ஓக் கன்றுகள் நடுகிறார்கள், அது சரிதான், ஆனால் அந்த நிழலை நான் பார்க்கப்போவதில்லை.

ஜூலை 14

தேசிய விடுமுறை. தபால் கிடையாது, அதனால் தூங்கினேன். ராத்திரி வாணவேடிக்கைச் சத்தம்.

ஜூலை 15

இல்லை. செப்டம்பரில் சேன் ஃபெரியோல் ஏரிக்குப் போகலாமா என்று அக்கா கேட்டார். அந்தச் சின்ன வாய்க்கால் கரையிலேயே மேலே போய்விடலாமாம். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 17

பெடலைக் கழற்றி, கிரீஸ் வைத்துத் திரும்ப மாட்டினேன். சத்தம் அப்படியேதான் இருக்கிறது.