ஓரியூர் செம்மண்

தொண்டிப் பக்கமிருந்து ஓரியூர் போகிற வழியெல்லாம் கருவேல முள்ளும் வெளுத்த மண்ணும்தான். அதைப் பார்த்துக்கொண்டே வந்த கண்ணுக்குக் கோயிலை ஒட்டிய மேட்டின் சிவப்பு சட்டென்று தெரிகிறது. செருப்போடு ஏற மனம் வரவில்லை.

1693 பிப்ரவரி 4, கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன். ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் ஆணைப்படி, கிறிஸ்தவ மறைபோதகர் அருளானந்தரை வெட்டியது இங்கேதான். அந்த ரத்தம் ஊறித்தான் மண் சிவந்தது என்று இந்தச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக நம்புகிறார்கள். நானும் நம்புகிறேன்.

கோயிலுக்குள் அவர் சுரூபத்தின் முன் வெகுநேரம் நின்றேன். காவி அங்கி, தலைப்பாகை. லிஸ்பனில் பிரபு குலத்தில் பிறந்து, போர்த்துகல் இளவரசரோடு அரண்மனையில் வளர்ந்த ஜான் டி பிரிட்டோ என்ற அருளானந்தர் மறவர் நாட்டுக்கு வந்தது பண்டாரசாமித் துறவிக் கோலத்தில். 1686-ல் பிடித்துச் சித்திரவதை செய்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி விடுவித்தார்கள். ஐரோப்பா போனபோது, அரசராகியிருந்த அந்தப் பழைய தோழர் அங்கேயே தங்கச் சொன்னார். தங்கவில்லை. என்ன காத்திருக்கிறது என்று தெரிந்தே திரும்பி வந்தார். வெட்டுப்பட்டதைவிட அந்தத் திரும்பி வந்ததுதான் என்னைக் கலங்கடிக்கிறது.

மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரே மனைவியோடு வாழ முடிவெடுத்ததும், ஒதுக்கப்பட்ட மனைவியருள் ஒருத்தி சேதுபதிக்கு உறவு என்பதால் மூண்ட கோபமும் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. சாவுக்கு முந்தின நாள் சிறையில் கரியைத் தண்ணீரில் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதினார் அருளானந்தர். 1947-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

மேட்டில் ஒரு அப்பத்தா குனிந்து மண்ணை விரலால் சலித்துக்கொண்டிருந்தார். கல், குச்சி எல்லாம் ஒதுக்கிவிட்டு, பொடியை மட்டும் முந்தானை நுனியில் முடிந்தார். மிச்சத்தைப் பேரன் நெற்றியில் திருநீறு போலவே இழுத்துவிட்டார். அவர் கிறிஸ்தவர் இல்லை.

"மருமகளுக்குப் புள்ள தங்கலப்பா. இவன் இந்த மண்ணுல வந்தவன். ரெண்டாவதுக்குக் கேக்க வந்திருக்கேன்," என்றார். "நீங்களும் எடுத்துக்கங்க தம்பி, கேட்டு எடுக்கணும்."

கேட்டுத்தான் எடுத்தேன். என்ன கேட்டேன் என்பது எனக்கும் அருளானந்தருக்கும்.

பிப்ரவரித் திருவிழாவில் கூட்டம் நெருக்கும். நிதானமாக வேண்ட நினைப்பவர்கள் சாதாரண நாளில் போங்கள். வெயிலுக்கு முன்னால் போனால் வெறுங்காலில் மேட்டைச் சுற்றலாம்.