ஹெவி லைசென்ஸ் ரெனியூவலும் ஃபார்ம் 1ஏ-யும்

லைசென்ஸைப் புதுப்பிக்கப் போகிற லாரி டிரைவரிடம் உடல்தகுதி பற்றி இரண்டு படிவங்கள் கேட்பார்கள். ஃபார்ம் 1 அவரே எழுதிக் கையெழுத்துப் போடுவது. வலிப்பு உண்டா, திடீர் மயக்கம் வருமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. ஃபார்ம் 1ஏ டாக்டர் தரும் சான்று. ஆளை நேரில் பரிசோதித்தேன், தூரப் பார்வையையும் காதையும் கை கால் மூட்டுகளையும் குறிப்பாகக் கவனித்தேன் என்று டாக்டர் உறுதி சொல்லும் வாசகம் அதிலேயே அச்சாகியிருக்கிறது. ஆளையே பார்க்காமல் சீல் குத்தும் இடங்கள் ஊருக்கு ஊர் உண்டு என்பது வேறு கதை.

1ஏ-யில் கண்தான் பிரதானம். நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்பது அதன் அளவுகோல். கண்ணாடி போட்டுப் படித்தாலும் சரி. கிளினிக்கில் இதற்குப் பதில் 6 மீட்டர் தூரத்திலிருந்து படிக்கும் எழுத்துச் சார்ட் வைப்பார்கள். அறை சிறியதென்று அதே சார்ட்டை 3 மீட்டரில் மாட்டிவிட்டால் பார்வை குறைந்தவரும் தேறிவிடுவார். கண்ணாடியில் பிரதிபலிக்க வைத்துப் பார்த்தால்தான் 3 மீட்டர் அறை 6 மீட்டர் ஆகும். ஒரு கண்ணை மூடும்போது உள்ளங்கையால் அழுத்தக் கூடாது. அழுத்தினால் பிறகு அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது கொஞ்ச நேரம் மங்கலாகத் தெரியும். நாற்பதைத் தாண்டியவர்கள் செய்யும் இன்னொரு தப்பு, பில் படிக்க வாங்கிய கண்ணாடியோடு தூரச் சார்ட் முன்னால் உட்காருவது. அது கிட்டப் படிக்கிற கண்ணாடி, தூரத்தை மங்கலாக்கும்.

நிறப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் நிறச் சோதனைப் புத்தகத்தைப் பகல் வெளிச்சத்தில், 75 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, ஒரு பக்கத்துக்கு மூன்று விநாடிக்கு மேல் தராமல் கேட்க வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் காட்டினால் முடிவு நம்பும்படி இருக்காது. முன்பு சிவப்பும் பச்சையும் பிரித்தறியாதவருக்கு லைசென்ஸே கிடையாது. மோட்டார் வாகன விதிகளின் 2020 ஜூன் திருத்தத்துக்குப் பிறகு லேசான, நடுத்தர நிறக்குருடு தடையில்லை. கடுமையானது மட்டுமே தடை.

பக்கப் பார்வையை யாரும் அளப்பதில்லை. இதுதான் எனக்குப் பெரிய உறுத்தல். பக்கப் பார்வையை மெல்லத் தின்னும் கண் நோயான கிளாக்கோமா உள்ளவர் சார்ட்டின் கடைசி வரிவரை படித்துவிடுவார். இடதுபுறம் நுழையும் டூவீலர் மட்டும் தெரியாது. எதிரெதிரே ஒரு மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, ஓரத்திலிருந்து விரலை உள்ளே கொண்டுவந்து எப்போது தெரிகிறது என்று கேட்கலாம். இரண்டு நிமிட வேலை. பெரிய இழப்பைத்தான் காட்டும், ஆனாலும் ஒன்றும் பார்க்காததற்கு இது மேல்.

பிரஷருக்கும் சுகருக்கும் 1ஏ-யில் தனிக் கட்டம் இல்லை. அமெரிக்காவில் லாரி டிரைவருக்கு 140/90-க்குக் கீழே இருந்தால் இரண்டு வருடச் சான்று, 180/110-ஐத் தொட்டால் குறையும்வரை வண்டி இல்லை. இங்கே பிரஷர் 200 இருந்தாலும் படிவம் கேட்காது. ஆனால் இரவெல்லாம் ஓட்டிவிட்டு, டீயும் பீடியும் முடித்து, மூத்திரத்தை அடக்கிக்கொண்டு நேராக வந்து கையை நீட்டினால் பிரஷர் ஏறித்தான் நிற்கும். அரை மணி நேரம் முன்பிருந்தே டீ, புகை வேண்டாம். முதுகு சாய்ந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, இரண்டு முறை பார்க்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினாலும் கூடுதலாகத்தான் காட்டும்.

சுகரைப் பொறுத்தவரை ஓட்டுகிறவருக்கு உடனடி ஆபத்து அது தாழ்ந்துபோவதில். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவருக்கு அது அபூர்வம். கிளைமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் லோடு இறக்கக் காத்திருந்து சாப்பாட்டைத் தவறவிட்டால் 70-க்குக் கீழே போய்விடலாம். கை நடுக்கம், வியர்வை, பிறகு குழப்பம். ஸ்டியரிங்கில் உட்காரும் முன் 90-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனில் சொல்லும் கணக்கு, இங்கேயும் பொருந்தும். தாழ்ந்துவிட்டால் வண்டியை ஓரம் கட்டி மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். பிஸ்கட் மெதுவாகத்தான் ஏற்றும். அளவு சரியான பிறகும் முக்கால் மணி நேரம் வண்டியை எடுக்கக் கூடாது.

குறட்டையோடு மூச்சு நின்று நின்று தூங்குகிறவர், பகலில் சிக்னலில் நிற்கும்போதே கண் சொருகுகிறவர், கழுத்துச் சுற்றளவு 17 அங்குலத்தைத் தாண்டியவர் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். படிவம் இதையும் கேட்காது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு லாரி போன்ற போக்குவரத்து வாகன லைசென்ஸ் 5 வருடத்துக்குச் செல்லும், முன்பு 3. நாமக்கல் கேஸ் டேங்கர் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு 3. ஐந்து வருடத்தில் சுகர் புதிதாக வந்து கண் நரம்புவரை போய்விட முடியும். அதனால் சர்க்கரை, பிரஷர், விழித்திரை மூன்றையும் வருடம் ஒருமுறை தனியாகப் பார்க்கச் சொல்வேன். தேதி முடிந்த பிறகும் 30 நாள் செல்லும் என்று முன்பிருந்த சலுகையையும் 2019 திருத்தம் எடுத்துவிட்டது. தேதி முடிவதற்கு ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால், இரண்டு மூன்று மாதம் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் போனால் புதுக் கண்ணாடி போடவும் பிரஷரை இறக்கவும் நேரம் இருக்கும். உடல்நிலையைக் காட்டி லைசென்ஸை மறுத்தால் எழுத்தில் உத்தரவு வாங்குங்கள். கைக்கு வந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.