திண்ணைத் தூணைச் சுற்றி சிமென்ட் போட விடாதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்து ஓட்டு வீடு. செங்கல், சுண்ணாம்புக் கட்டு. முன்னால் நாலடி அகலத் திண்ணை, தேக்குத் தூண்கள். ஒருவழியாக வேலை முடிந்துவிட்டது. ஆனால் செலவில் பெரும்பங்கு, முன்பு பூசிய சிமென்ட்டை உடைத்தெடுக்கவே போனது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

தளத்தை உயர்த்தியவர்கள் தூணின் அடிக்கல்லோடு சேர்த்து மரத்தையும் நாலு அங்குலம் கான்கிரீட்டில் புதைத்திருந்தார்கள். கல்மேல் நிற்கிற வரை சாரல் பட்டாலும் மரம் காய்ந்துவிடும். கான்கிரீட்டுக்குள் மாட்டிக்கொண்டால் ஈரம் வெளியேற வழி ஏது? வெளியே பாலிஷோடு மின்னிய தூணில், தளத்தை ஒட்டித் திருப்புளியால் குத்தினால் பிடி வரை இறங்கியது. தட்டிச் சத்தம் கேட்பதோடு நிற்காமல், குத்திப் பாருங்கள்.

முதலில் வந்த ஆசாரி தூண்களையே மாற்றச் சொன்னார். தேவையே இல்லை. உளுத்த பகுதியை நல்ல மரம் வரும்வரை அறுத்துவிட்டு, பழைய தேக்கில் சாய்வு ஒட்டு (இரண்டு துண்டையும் சாய்வாக அறுத்து ஒன்றோடொன்று பொருத்துவது) போட்டால் போதும். ஒட்டின் நீளம் தூண் தடிமனைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். அறுக்கும் முன் மேலே உள்ள ஓடுகளை இறக்கிப் பாரத்தைக் குறைத்து, தூணின் இரு பக்கமும் உத்திரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கிக்கு அடியில் தடிப்பலகை வையுங்கள், இல்லாவிட்டால் தரையில் இறங்கும். பாரம் தூணைவிட்டு விலகியதும் ஜாக்கியை நிறுத்துங்கள். ஆர்வத்தில் இன்னும் ஏற்றினால் உத்திரத்தின் மூட்டு பிளக்கும்.

மரம் வாங்கப் போன ஒரு நடை வீண். போனில் தேக்கு என்றார்கள். நேரில் ஓரத்தைச் சீவினால் வேறு மரம், மேலே சாயம். உளியோடு போங்கள், சீவிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

அடுத்த தலைவலி சுவர். சிமென்ட் பூச்சு உள்ளிருக்கும் ஈரத்தை அடைத்துவிட்டதால் உப்புப் பூத்து, செங்கல்லே மாவாக உதிர்ந்தது. கொத்தனாரோ மறுபடியும் சிமென்ட் மூட்டையோடு வந்து நின்றார், "சுண்ணாம்பு நிக்காது சார்" என்று. சுண்ணாம்பு வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் கிடைத்த பிறகுதான் நிம்மதி. அவர் சொன்ன சோதனை: சுட்ட சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீரில் போட்டால் கொதித்து வெடிக்க வேண்டும். கடையில் தந்த மூட்டை சும்மா கிடந்தது. காற்றுப்பட்டுச் செத்த சரக்கு, திருப்பிக் கொடுத்துவிட்டோம். எப்போதும் தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

நீர்த்த சுண்ணாம்பை இரண்டு வாரமாவது ஊறவிட்டு, ஒன்றுக்கு மூன்று மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர். செங்கல் இடுக்கை அரை அங்குலம் சுரண்டி, சுவரை நன்றாக நனைத்தபின் பூச வேண்டும். ஒரு வாரம் தண்ணீர் தெளித்தோம். மேலே சுண்ணாம்பு வெள்ளைதான், எமல்ஷன் பெயின்ட் அடித்தால் பழைய கதைதான்.

தளத்துக்கு வெளிப்பக்கம் முக்கால் அங்குலம் வாட்டம் (சரிவு) கொடுத்தோம், அடிக்கல் முழுதாக வெளியே தெரிகிறது.

ஓடு மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: சீமை ஓட்டில் ஒரு கம்பெனியின் ஓடு இன்னொன்றோடு சரியாகப் பூட்டாது, அந்த இடைவெளியில் ஒழுகும். உங்கள் ஓட்டின் அடியில் உள்ள முத்திரையைப் படமெடுத்துக்கொண்டு, மாதிரி ஓடு ஒன்றையும் கையில் எடுத்துப் போங்கள்.