12 என்றால் நல்ல தண்ணீரா?

போன கிழமை பக்கத்து வீட்டு அக்கா கிணற்றுத் தண்ணீர் பரிசோதித்த தாளோடு வந்தார். நைத்திரேற்று என்ற வரிக்கு நேரே 12. "50 வரைக்கும் பிழையில்லை எண்டு சொல்லுகினம் தம்பி, அப்ப எங்கட தண்ணி நல்லம்தானே?" என்றார். வீட்டில் மூன்று மாதப் பேரப்பிள்ளை, பால்மா கரைப்பது இந்தத் தண்ணீரில்தான்.

தாளின் ஓரத்தில் சின்ன எழுத்தில் 'நைதரசனாக' என்று போட்டிருந்தது. உலக சுகாதார நிறுவனம் லீட்டருக்கு 50 மில்லிகிராம் என்று சொல்வது நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த முழு நைத்திரேற்றுக்கு. அதிலுள்ள நைதரசனை மட்டும் கணக்கெடுத்தால் எல்லை ஏறக்குறைய 11தான். அக்காவின் 12ஐ முழு நைத்திரேற்றாக மாற்ற 4.43ஆல் பெருக்கினால் 53 வருகிறது, எல்லையைத் தாண்டிவிட்டது. பச்சைப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கும் தாளில் இதை விளங்கும்படி எழுத வேண்டாமா? ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நைத்திரேற்று கூடினால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் உதடும் நகமும் நீலம் பாயலாம். கொதிக்க வைத்துக் கொடுக்கிறோமே என்றார் அக்கா. கொதித்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே நின்று இன்னும் செறிவாகும்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் கிடக்கும் அதே நீர். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக மிஞ்சியது நைத்திரேற்றாகி, மாரி மழையோடு கல் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிடும். நிறமோ மணமோ ருசியோ கிடையாது, அளந்தால்தான் தெரியும். ஆனால் மலக்குழியிலிருந்தும் இதேதான் வரும் என்பதால் மலக்கழிவோடு வரும் கிருமியையும் குளோரைட்டு உப்பையும் சேர்த்துப் பார்க்காமல் தோட்டக்காரர் தலையில் பழியைப் போடக் கூடாது.

தண்ணீர் பரிசோதிப்பது என் வேலை என்பதால் நேற்று நானே மாதிரி எடுத்தேன். போத்தலை அதே தண்ணீரால் மூன்று தரம் அலசி, மேலே மிதக்கும் படலத்தை விட்டு ஒரு முழம் கீழே அமிழ்த்தி நிரப்பி, உடனே ஐஸ் பெட்டியில் வைத்தேன். வெயிலில் வைத்தால் கிருமிகள் நைத்திரேற்றை மாற்றிவிடும், பிறகு வருகிற எண்ணுக்கு அர்த்தமில்லை. பிள்ளைக்கு இப்போது வெளியிலிருந்து வாங்கும் தண்ணீர்தான். மாரி முடிய, அதே கிணற்றில் அதே ஆழத்தில் இன்னொரு போத்தல் எடுப்போம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.