செஞ்சிக்குப் பன்னிரண்டு தாள்கள்

இத்துடன் நான் பகிரும், செஞ்சிக் கோட்டை மலைகளில் ஒன்றான ராஜகிரியின் படம், கடந்த மார்கழிக் கடைசியில் 4×5 அங்குல ஃபிலிம் தாளில் எடுத்தது. 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு ஃபிரேமோடு ஒப்பிட்டால் இந்தத் தாளின் பரப்பு ஏறக்குறைய 15 மடங்கு. மலைமேல் அடுக்கிக் கிடக்கும் பாறைகளின் வெடிப்புகளும், அவற்றுக்கிடையே ஓடும் மதில் வரிசையும் தனித்தனியே தெரிவதற்கு அந்தப் பரப்பே காரணம்.

பெரிய ஃபிலிமில் நிலக்காட்சி எடுப்பவர்களுக்குப் பயணம் வீட்டு மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. ஃபிலிம் தாளை வெளிச்சம் படாமல் வைத்துக் கேமராவில் செருகும் தட்டையான உறைக்கு ஹோல்டர் என்று பெயர். ஒரு ஹோல்டரில் இரண்டு தாள். என் பையில் ஆறு ஹோல்டர்கள். மொத்தம் 12 தாள். ஒரு காட்சிக்கு இரண்டு தாள் செலவிடுவது என் வழக்கம். முதல் தாளைக் கழுவி, நிழலும் வெளிச்சமும் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்த்த பிறகே இரண்டாவதைக் கழுவும் நேரத்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்று முடிவு செய்வேன். ஆகவே இரண்டு நாள் பயணத்தில் எனக்குக் கிடைப்பவை ஆறு காட்சிகள் மட்டுமே. அமெரிக்க நிலக்காட்சிப் படக்கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரல் 10 அன்று அந்நாட்டின் யோசெமிட்டியிலுள்ள ஹாஃப் டோம் பாறையை, நீல வானத்தைக் கறுப்பாக்கும் சிவப்பு ஃபில்டர் போட்டு எடுத்தபோது, அவர் கையில் எஞ்சியிருந்தது ஒரே ஒரு கண்ணாடித் தகடு. வானம் எவ்வளவு கறுக்க வேண்டும் என்பதை மனத்தில் முன்பே கண்டிருந்ததால் அந்த ஒன்று அவருக்குப் போதுமாக இருந்தது.

எனக்கு அந்தத் தெளிவு முதல் முறை இல்லை. வைகாசியில் போய், திருவண்ணாமலைச் சாலைப் பக்கத்திலிருந்து தெற்கு நோக்கி ராஜகிரியை எடுத்தேன். அந்த மாதத்தில் சூரியன் கிழக்கிலிருந்து வடக்கே 20 பாகைக்கு மேல் விலகி உதிப்பதால், வெளிச்சம் என் முதுகுப் பக்கமாக வந்து மலைமுகம் முழுவதையும் ஒரே சீராக நிரப்பிவிட்டது. பாறைகளின் நிழல்கள் பாறைகளுக்குப் பின்னாலேயே மறைந்துகொண்டன. மார்கழியில் அதே இடத்தில் நின்றால் சூரியன் கிழக்கிலிருந்து தெற்கே விலகி, இடப்பக்கத்தில் சற்று முன்னாலிருந்து எழுகிறது. அப்போது ஒவ்வொரு பாறையும் தன் நிழலைப் பக்கத்துப் பாறைமேல் நீளமாகச் சாய்க்கிறது. ஆகவே பயணத் திட்டத்தில் நான் முதலில் குறிப்பது மாதம், அடுத்தது திசை, தங்குமிடமும் பேருந்தும் அதற்குப் பிறகுதான். கோட்டைக்குள் டிரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்பதால், வெளியே வயல்வெளியிலிருந்து எடுப்பதையே தேர்ந்தேன்.

அது நவரைப் பட்டத்துக்கு நெல் நட்ட வயல். நாற்றுகளுக்கு இடையே நின்ற தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரிந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்புறத்தில் காட்சி விழும் மங்கலான கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸைப் பார்த்தபோதோ, கேமராவே எல்லாவற்றையும் புரட்டிக் காட்டுவதால், நீரில் விழுந்த மலை நேராக நிமிர்ந்தும் உண்மையான மலை கவிழ்ந்தும் இருந்தன. காலடி நாற்றும் தொலைவிலுள்ள மலையும் ஒருசேரக் கூர்மையாக வர வேண்டுமானால், லென்ஸைச் சில பாகை முன்னால் சாய்க்க வேண்டும். அப்போது ஃபோகஸ் தளம், அதாவது கூர்மையாக விழும் பகுதி, சுவர்போல் நிற்பதை விட்டு, பாய் விரித்ததுபோல் வயலின்மேல் படிகிறது. ஆஸ்திரியரான தியடோர் ஷைம்ஃப்ளுக் 1904-இல் காப்புரிமையில் விளக்கிய நெறி இது. அந்தத் தளத்துக்கு மேலே நிற்கும் மலையுச்சியை மீட்க, லென்ஸ் துவாரத்தை எஃப் 22 வரை சுருக்கினேன்.

வெளிச்சம் வருமுன் லைட் மீட்டர், ஷட்டர் 8 நொடி திறந்திருக்க வேண்டும் என்று காட்டியது. ஃபிலிமோ நீண்ட நேர வெளிச்சத்துக்குச் சோர்ந்துபோகும் இயல்புடையது. நான் பயன்படுத்தும் இல்ஃபோர்ட் எஃப்பி4-க்கு அந்த 8 நொடியை ஏறக்குறைய 14 நொடியாக நீட்ட வேண்டும். ஆறரை மணியை ஒட்டிச் சூரியன் எழுந்தபின் கால் நொடி போதுமானதாயிற்று. ஆனால் கால் நொடியிலும் நாற்றின் நுனி அசைந்துவிடும். காற்று ஓயும்வரை ஷட்டர் கம்பியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். இந்தப் பரபரப்பில் ஒருமுறை, ஷட்டரை மூடாமலே, ஹோல்டரில் தாளை மூடியிருக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவி ஒரு தாளை முழுவதும் வெளிச்சத்துக்குக் கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து, மூடியதை விரலால் தொட்டுப் பார்த்த பிறகே ஸ்லைடை உருவுகிறேன். எடுத்து முடித்ததும் அதன் கறுப்பு விளிம்பு வெளியே தெரியும்படி திருப்பிச் செருகுகிறேன்.

இனி, பகிர்வது பற்றி. இந்தத் தாளை 2400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 2400 புள்ளி) அளவில் ஸ்கேன் செய்தால் 11 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் கிடைக்கும். கைப்பேசித் திரையோ அவற்றில் மிகச் சிறு பங்கைத்தான் காட்டும். அதனால் முழுப் படத்தோடு, மதிலும் பாறையும் சந்திக்கும் ஒரு மூலையை மட்டும் முழு அளவில் வெட்டி உடன் வைத்திருக்கிறேன். மாதம், திசை, துவாரம், நொடி ஆகியவற்றையும் எழுதியிருக்கிறேன். படம் எடுக்கப் புறப்படும் இன்னொருவருக்குப் படத்தைவிட அந்தக் குறிப்பே உதவும் என்பது என் நம்பிக்கை. எந்த வயல் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன். “வரப்பு இப்பதான் அணைச்சிருக்கு, ஓரமா நில்லு தம்பி” என்று சொல்லி அந்த வயல்கார அம்மா எனக்கு இடம் கொடுத்தார். அடுத்து வரும் பத்து பேரின் டிரைபாடுகளை அந்த வரப்பு தாங்காது.

வரும் ஆனியில் எதிர்த்திசையில், சாலைக்கு வடக்கே உள்ள கிருஷ்ணகிரியை எடுக்கத் திட்டம். வடக்கு நோக்கி நிற்கும்போது அந்த மாதத்துச் சூரியன் வலப்பக்கம் சற்று முன்னாலிருந்து வரும். மார்கழியில் ராஜகிரிக்குக் கிடைத்த நிழல் இதற்கும் கிடைக்க வேண்டும். உதயம் ஆறு மணிக்கு முன்பே என்பதால் முந்தைய நாள் இரவே செஞ்சியில் தங்கியாக வேண்டும். 12 தாள்களில் நான்கை இந்த மலைக்கு ஒதுக்கியிருக்கிறேன். ராஜகிரி நெகட்டிவை ஃபோட்டோத் தாளின்மேல் நேரடியாக வைத்து எடுத்த உள்ளங்கை அளவு பிரிண்ட் ஒன்றும் பையில் இருக்கிறது. அது அந்த அம்மாவுக்கு.