வான்கோழி முடிந்ததும் கூண்டுச் சண்டை

வட கரோலினாவின் சார்லட்டுக்குக் குடிவந்த புதிதில், நவம்பர் கடைசியில் வரும் அமெரிக்கப் பண்டிகையான தேங்க்ஸ்கிவிங் நாள் என்றாலே எனக்கு அலுப்பு. கடைகள் சாத்தியிருக்கும், ரோட்டில் ஈ காக்கை இருக்காது. மதியமே வான்கோழியைத் தின்று முடித்துவிட்டு ஊரே சோபாவில் சாய்ந்துவிடும். அப்புறம் ராத்திரி வரைக்கும் என்னதான் செய்வது? ஒரு காலத்தில் வட கரோலினாக்காரர்களிடம் இதற்குப் பதில் இருந்தது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னார். பாட்டி முதல் பேரன் வரை காரில் ஏறி, கிரீன்ஸ்போரோ கொலீசியத்துக்கு ரெஸ்லிங் பார்க்கப் போவார்களாம்.

ட்ரம்ப் கார்டில் அண்டர்டேக்கரின் உயரத்தை மனப்பாடம் செய்த தலைமுறை நான். எங்களுக்கு ரெஸ்லிங் என்றால் வின்ஸ் மக்மேனின் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனி மட்டும்தான். ஆனால் அமெரிக்காவிலேயே எண்பதுகளின் தொடக்கம் வரை வட்டாரத்துக்கு ஒரு முதலாளி, உள்ளூர் டி.வி.யில் அவருக்கென்று ஒரு நிகழ்ச்சி, வாரம் முழுக்க ஊர் ஊராகச் சண்டை என்றுதான் ஓடியிருக்கிறது. ஒருவர் எல்லையில் இன்னொருவர் கடை விரிக்கக் கூடாது. கரோலினாப் பக்கமும் வர்ஜீனியாவும் கிராக்கெட் குடும்பத்தின் கையில் இருந்தன. அப்பா ஜிம் கிராக்கெட் 1930களில் தொடங்கிய தொழில் அது. 1973இல் அவர் இறந்தபின் அதே பெயர் கொண்ட மகன் எடுத்து நடத்தினார்.

பண்டிகை நாளைப் பிடித்ததில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. லீவு, கையில் கொஞ்சம் காசு, வீடு நிறைய விருந்தாளிகள், போக்கிடம் வேறு இல்லை. தீபாவளிக்குப் பலகாரத்தைத் தின்ற கையோடு புதுப்படத்துக்குக் கிளம்புவோமே, அந்தக் கணக்குதான். மாதக்கணக்காக டி.வி.யில் பகையை ஊதிப் பெருக்கி, அது வெடிக்கும் நாளாகப் பண்டிகையை வைப்பார்கள். டல்லஸில் அது கிறிஸ்துமஸ். 1982 கிறிஸ்துமஸ் இரவில் மேடையைச் சுற்றி அடைத்த கம்பிக் கூண்டுக்குள் கெர்ரி வான் எரிக் ரிக் ஃபிளேரோடு மோதிக்கொண்டிருந்தபோது, டெர்ரி கோர்டி என்ற இன்னொரு வீரர் கூண்டுக் கதவைக் கெர்ரியின் தலையில் அறைந்து சாத்தினார். அந்த ஒரு கதவை வைத்தே டெக்சாஸில் வருஷக்கணக்காக டிக்கெட் விற்றார்கள்.

கிரீன்ஸ்போரோவின் உச்சம் 1983 நவம்பர் 24. கிராக்கெட் கம்பெனியின் வருடாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ஸ்டார்கேட் அன்றுதான் முதல்முறை நடந்தது. அரங்கில் 15,000 பேருக்கு மேல். இடம் கிடைக்காத வெளியூர்க்காரர்களுக்கு அவரவர் ஊர் அரங்கிலேயே பெரிய திரையில் நேரடியாகக் காட்டிக் காசு வாங்கினார்கள். கடைசிச் சண்டையில் கூண்டுக்குள் ஹார்லி ரேஸை வீழ்த்தி ஃபிளேர் சாம்பியன் பெல்ட்டை வாங்கினார். எல்லோரும் அதைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் அன்றைய சண்டை ரோடி பைப்பருக்கும் கிரெக் வேலன்டைனுக்கும் நடந்ததுதான். இருவர் கழுத்திலும் நாய்ப்பட்டை, நடுவில் ஒரே சங்கிலி. ஆரம்பத்தில் இருவரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து அதை விறைப்பாக இழுத்துப் பார்க்கிறார்கள். பிறகு கை முஷ்டியில் சுற்றிக்கொண்டு குத்த ஆரம்பிக்கிறார்கள். முடிவு முன்பே பேசி வைத்ததுதான், ஆனால் சங்கிலி நிஜ இரும்பு. அன்று பைப்பரின் இடது காதில் விழுந்த அடி கடைசிவரை அவர் கேட்கும் திறனைப் பாதித்தது.

இந்த வழக்கம் எப்படிச் செத்தது என்று கேட்டால் ரசிகர்கள் வின்ஸ் மக்மேனைத்தான் கைகாட்டுவார்கள். 1987இல் அதே தேங்க்ஸ்கிவிங் இரவில் அவர் சர்வைவர் சீரிஸ் என்ற போட்டி நிகழ்ச்சியை இறக்கினார். ஸ்டார்கேடைக் காட்டும் கேபிள் கம்பெனிக்குத் தன் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியா அடுத்த முறை கிடையாது என்றும் மிரட்டினார். விரல்விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகளே கிராக்கெட் பக்கம் நின்றன. அநியாயம்தான், சரி. ஆனால் அதே வருஷம் ஸ்டார்கேடைச் சொந்த ஊரிலிருந்து பெயர்த்து சிகாகோவுக்குக் கொண்டுபோனது யார்? கிராக்கெட்டேதான். நாடு முழுக்கப் பெரிய ஆளாக வேண்டும் என்ற ஆசையில், சாப்பிட்ட கையோடு காரில் ஏறி வந்தவர்களை விட்டுவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியவர் இன்றைக்கும் மக்மேனைத் திட்டுவதில்லை, சிகாகோவைத்தான் திட்டுகிறார். அடுத்த வருஷமே கிராக்கெட் கம்பெனி டி.வி. முதலாளி டெட் டர்னர் கைக்குப் போனது, ஸ்டார்கேட் டிசம்பருக்கு நகர்ந்தது. சர்வைவர் சீரிஸும் 1995இல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறிவிட்டது. 2017இல் ஸ்டார்கேட் என்ற பெயரைத் தூசி தட்டி எடுத்து கிரீன்ஸ்போரோவிலேயே ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். அதுவும் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை.

பழைய வீடியோக்களைத் தேடிப் பார்க்க நினைப்பவர்கள் 1984ஐ விட்டுவிடலாம். குத்துச்சண்டை வீரர் ஜோ ஃபிரேசியரை நடுவராக நிறுத்தி, ரெஸ்லர் டஸ்டி ரோட்ஸின் புருவத்தில் ரத்தம் என்று சொல்லி அந்த நடுவரை வைத்தே சண்டையை நிறுத்தினார்கள், சப்பென்று போய்விட்டது. 1985ஐப் பாருங்கள். கிரீன்ஸ்போரோவில் மேக்னம் டி.ஏ.வும் டல்லி பிளான்ச்சர்டும் கூண்டுக்குள். எதிராளி வாயால் 'விட்டுடறேன்' என்று சொல்ல வைத்தால்தான் ஜெயிப்பு. உடைந்த மரநாற்காலியின் சிம்பு ஒன்று டல்லியின் நெற்றியில் இறங்க, நடுவர் மைக்கை அவர் வாயருகே நீட்டுகிறார். சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்க்காதீர்கள், அந்தச் சண்டையின் பாதி அந்த மைக்கில்தான் இருக்கிறது.