ஆன் எ ஃப்ரைடே: அக்டோபர் நாட்குறிப்பு

3 அக்டோபர் 2024, வியாழன்

ரேடியோஹெட் என்ற ஆங்கிலேய ராக் குழுவுக்கு முதலில் ‘ஆன் எ ஃப்ரைடே’ என்று பெயர். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில், காலண்டரில் வட்டம் வட்டமாகச் சொடுக்கினால் அவர்களின் 1991 வரை போய்ச் சேரவே முடியாது. காலண்டர் ஒரு முகவரியின் பிரதிகளைத்தான் காட்டும். நமக்கு வேண்டியது ரசிகர் தளத்தின் முகப்பு இல்லை, உள்ளே நாலு ஃபோல்டர் தாண்டிக் கிடக்கும் கச்சேரிப் பட்டியல். அதற்கு வேபேக்கின் சிடிஎக்ஸ் பட்டியலை, அதாவது சேமித்த பிரதிகளின் அட்டவணையைத்தான் கேட்க வேண்டும். முகவரியின் முன்பாதியை மட்டும் கொடுத்து ‘பிரிஃபிக்ஸ்’ என்று சொல்லி, நிலை எண் 200 (பக்கம் ஒழுங்காகக் கிடைத்தது) உள்ளவை மட்டும் என்று வடிகட்டினால், அந்தத் தளத்திலிருந்து சேமிக்கப்பட்ட ஃபைல் எல்லாம் வரிசையாக வந்து விழும்.

முகவரிக்கு ஒன்று என்று சுருக்கினால் முதல் பிரதி மட்டும்தான் வரும். அடிக்கடி மாறிய பக்கத்துக்கு அது ஆகாது. ‘டைஜஸ்ட்’ (உள்ளடக்கத்தின் அடையாளக் குறி) படி சுருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளடக்கம் மாறிய ஒவ்வொரு முறையும் தனி வரியாக நிற்கும்.

ஒவ்வொரு வரியிலும் 14 இலக்கம்: ஆண்டுக்கு 4, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடிக்குத் தலா 2. அது சேமித்த நேரம். எழுதிய நேரம் இல்லை. இதை மறந்துவிட்டு எத்தனை பேர் தேதி எழுதியிருக்கிறார்கள்.

4 அக்டோபர், வெள்ளி

வெள்ளிக்கிழமை. 1985-ல் அபிங்டன் பள்ளியின் இசை அறையில் இந்தக் கிழமைதான் ஒத்திகை. பெயரும் அதிலிருந்தே வந்தது.

5 அக்டோபர், சனி

மேனிக் ஹெட்ஜ்ஹாக் கேசட், குழுவின் டெமோ. அக்டோபர் 1991, சட்டன் கோர்ட்னியில் கோர்ட்யார்ட் ஸ்டூடியோ. ஆக்ஸ்ஃபர்டில் அதே பெயருள்ள ரெக்கார்டு கடையில் 3 பவுண்டுக்கு விற்றது. ஐந்து பாட்டு: ஐ கான்ட், நத்திங் டச்சஸ் மீ, திங்கிங் அபவுட் யூ, ஃபிலிப்பா சிக்கன், யூ. மூன்று பாட்டு பிற்பாடு முதல் ஆல்பமான ‘பாப்லோ ஹனி’க்குப் போனது. நத்திங் டச்சஸ் மீ, ஃபிலிப்பா சிக்கன் இரண்டும் எந்த ஆல்பத்திலும் ஏறவில்லை. அதனால்தான் 90-களின் ரசிகர் பக்கங்களில் இந்த இரண்டுக்கும் இவ்வளவு இடம். கேசட் கையில் இருந்த ஒருவர் கணினியில் ஏற்றினால்தான் மற்றவர் காதுக்குப் போகும்.

ஏற்றிய விதம் ரியல்ஆடியோ, அந்தக் கால இணைய ஒலி வடிவம். அங்கேதான் சிக்கல். பக்கத்தில் இருக்கும் லிங்க் ‘ரேம்’ என்று முடியும். அது பாட்டே இல்லை. நோட்பேடில் திறந்தால் ஒரே ஒரு வரி, அசல் ஒலி ஃபைலின் முகவரி. அந்த வரி பிஎன்எம் என்றோ ஆர்டிஎஸ்பி என்றோ தொடங்கினால், ஓடையாக அனுப்பும் சர்வரில் இருந்தது என்று அர்த்தம். ஆர்க்கைவின் ரோபோ எச்டிடிபி வழியில் மட்டுமே நடந்தது, அந்தக் கதவை அது தட்டவே இல்லை. வரி எச்டிடிபி என்று தொடங்கினால் நம்பிக்கை வைக்கலாம்.

நத்திங் டச்சஸ் மீ: ரேம் ஃபைல் இருக்கிறது. உள்ளே ஆர்டிஎஸ்பி.

6 அக்டோபர், ஞாயிறு

வேறு தேதிப் பிரதிகளையும் பார்த்தாயிற்று. எல்லாவற்றிலும் அதே வரி.

7 அக்டோபர், திங்கள்

ஃபிலிப்பா சிக்கன். இந்தப் பாட்டின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் எல் இரண்டு, பின்னால் வரும் பி ஒன்று. அந்தப் பெயரை ஆங்கிலேயர் வழக்கமாக எழுதுவது நேர்மாறு: எல் ஒன்று, பி இரண்டு. பட்டியலைத் தட்டச்சு செய்தவர்களில் சிலர் கண்டதை அப்படியே எழுதினார்கள், சிலர் திருத்தினார்கள். இதைவிட நல்ல கைரேகை கிடையாது. இரண்டு தளத்தில் எழுத்துக்கூட்டலும் ஒன்று, பாட்டின் வரிசையும் ஒன்று, தேதிப் பிழையும் ஒன்று என்றால் அவை இரண்டு சாட்சி இல்லை, ஒரே சாட்சி. மூன்று பக்கம் ஒரே தேதியைச் சொல்கிறதே என்று நம்பிவிடக் கூடாது.

ஒரு பட்டியலைச் சோதிக்க, சந்தேகமில்லாத முளைகளை முதலில் அடித்துவைக்க வேண்டும். 1986, ஆக்ஸ்ஃபர்டின் ஜெரிக்கோ டேவர்னில் முதல் கச்சேரி. 1991 கடைசியில் இஎம்ஐ ரெக்கார்டு கம்பெனியுடன் ஒப்பந்தம், ஆறு ஆல்பத்துக்கு. குழுவின் காலின் கிரீன்வுட் வேலை பார்த்த ‘அவர் பிரைஸ்’ என்ற ரெக்கார்டு கடைக்குக் கம்பெனியின் கீத் வோசன்கிராஃப்ட் வந்ததில் தொடங்கியது. பிறகுதான் பெயர் மாற்றம், டாக்கிங் ஹெட்ஸ் பாட்டு ஒன்றிலிருந்து. மே 1992 ‘ட்ரில்’ இபி, பிரிட்டன் பட்டியலில் 101-ஆம் இடம். செப்டம்பர் 1992 ‘க்ரீப்’. பிப்ரவரி 1993 ‘பாப்லோ ஹனி’. ஒரு பக்கம் 1990 கச்சேரிக்கு ‘ரேடியோஹெட்’ என்று போட்டிருந்தால், அதைத் துண்டுச்சீட்டைப் பார்த்து எழுதவில்லை, நினைவிலிருந்து எழுதியிருக்கிறார்கள்.

8 அக்டோபர், செவ்வாய்

ஃபிரேம் வைத்த, அதாவது பல துண்டுப் பக்கங்களை ஒரே திரையில் சேர்த்துக் காட்டும் தளங்கள் பொல்லாதவை. நடுப்பக்கம் சேமித்தது 1998, இடப்பக்க மெனு 2000, கேசட் அட்டைப் படம் 2001. திரையில் எல்லாம் ஒன்றாக நிற்கும். மேலே உள்ள பட்டையைத் திறந்து ஒவ்வொரு துண்டுக்கும் உள்ள நேர வித்தியாசத்தைப் பார்க்காமல் எதையும் குறித்துக்கொள்ளக் கூடாது. அசல் ஃபைல் வேண்டுமென்றால் 14 இலக்கத்தை ஒட்டி ‘ஐடி’யும் ஓர் அடிக்கோடும் சேர்க்க வேண்டும். ஆர்க்கைவ் ஒட்டிய பட்டை போய்விடும், லிங்க்குகளும் எழுதியவர் எழுதியபடியே வரும்.

இரவு, பக்கங்கள் பாதி வந்து நிற்கின்றன.

10 அக்டோபர், வியாழன்

போய்விட்டது. இன்டர்நெட் ஆர்க்கைவ் முழுதும் திறக்கவில்லை. 3 கோடியே 10 லட்சம் கணக்குகளின் விவரம் திருடுபோனது என்கிறார்கள். தளத்தின் மேல் அந்தச் செய்தியைத் திருடர்களே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். நூலகத்தின் மேல் கல்லெறிய யாருக்குத்தான் மனம் வருகிறது.

சிடிஎக்ஸ் பட்டியலை ஃபைலாக இறக்கியது ஒரே ஒரு தளத்துக்கு. மற்றதெல்லாம் லிங்க்காகத்தான் இருக்கிறது. லிங்க் வைத்திருப்பது சேமித்துவைப்பது ஆகாது.

11 அக்டோபர், வெள்ளி

மாற்று வழிகள். பிரிட்டிஷ் லைப்ரரியின் வலை ஆவணக் காப்பகம்: போன அக்டோபரில் நடந்த தாக்குதலில் மூடியது. ஆக்ஸ்ஃபர்டின் பழைய பக்கங்களைத் தேட வேண்டிய இரண்டு வாசலும் இன்று சேர்ந்தே அடைபட்டுக் கிடக்கின்றன. போர்ச்சுகலின் ஆர்க்கிவோ திறந்திருக்கிறது, 1996 வரை பின்னால் போகிறது. முகவரியை அப்படியே ஒட்டிப் பார்க்கலாம். கிடைத்தால் பெரும்பாலும் முகப்பு மட்டும்தான்.

ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளச் சேவையில் இருந்த பக்கம் என்றால் கொஞ்சம் தெம்பு. யாஹூ 26 அக்டோபர் 2009-ல் அதை மூடும் முன் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் அள்ளியதை மறுவருடம் டாரன்ட்டாக விட்டார்கள், சுமார் 641 ஜிபி. முழுதும் இறக்க வேண்டாம். டாரன்ட் மென்பொருளில் எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு வேண்டிய கட்டை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். ராக் ரசிகர்கள் குடியிருந்த பேட்டை சன்செட் ஸ்ட்ரிப். விண்டோஸில் விரிக்கக் கூடாது. அங்கே பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்று, ஜியோசிட்டீஸில் வேறு வேறு. ஒன்றின் மேல் ஒன்று எழுதி அழித்துவிடும், எச்சரிக்கையும் வராது. லினக்ஸில் விரிக்க வேண்டும்.

டாரன்ட்டை விதைப்போர், அதாவது ஃபைலைப் பகிர்வோர், 2 பேர். விநாடிக்கு 40 கேபி.

12 அக்டோபர், சனி

இன்றும் இல்லை.

13 ஞாயிறு

கையில் உள்ள ‘யூ’ துண்டு மட்டும். எஃப்எஃப்எம்பெக் மென்பொருள் பழைய ரியல்ஆடியோவைத் திறக்கும், 14.4 ரகமும் 28.8 ரகமும் (அந்தக் கால மோடம் வேகங்களின் பெயர்). வேவ் அல்லது ஃப்ளாக்காக மாற்ற வேண்டும். எம்பி3 வேண்டாம், இருக்கிற கொஞ்சமும் தேயும். 14.4 ரகம் பேச்சுக்கென்று செய்தது, விநாடிக்கு 8000 மாதிரி, அதனால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை. ஃபில் செல்வேயின் சிம்பல் எல்லாம் மணல் கொட்டும் சத்தம். இதைக் கேட்டுக்கொண்டு ஒலிப்பதிவு மோசம் என்று சொல்வது அநியாயம்.

‘அபூர்வ நல்ல பிரதி’ என்று எம்பி3 வந்தால் ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது ஒலியின் அதிர்வெண் படம், பார்க்க வேண்டும். 4000-ல் சுவர் வைத்தாற்போல் நின்றால் அது கேசட்டிலிருந்து வந்ததில்லை, ரியல்ஆடியோவைத் திரும்ப மாற்றியது.

பாட்டு ‘யூ’தானா என்று தெரிந்துகொள்ளத் தட்டுகளை எண்ணினால் போதும்: 6, 6, 6, 5. நாலாவது சுற்றில் ஒரு தட்டு குறையும். மொத்தம் 23. இந்தக் கணக்கை அந்த வயதிலேயே வைத்திருந்தார்கள் என்பது ஒவ்வொரு முறையும் புல்லரிக்கிறது.

கேசட் சரியான வேகத்தில் ஓடியதா என்று பார்க்க ‘ட்ரில்’ பிரதி இருக்கிறது, 2009-ல் வந்த ‘பாப்லோ ஹனி’ விரிவான பதிப்பில். நீளத்தை ஒப்பிடக் கூடாது, வேறு வேறு முறை வாசித்ததாக இருக்கலாம். சுருதியை ஒப்பிட வேண்டும். அரை ஸ்வரம் ஏறியிருந்தால் கேசட் டெக் சுமார் 6 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது.

14 அக்டோபர், திங்கள்

வந்துவிட்டது! படிக்க மட்டும். புதிதாகச் சேமிக்க முடியாது, பரவாயில்லை. வேபேக் திறக்கிறது.

முதல் வேலை பட்டியல்களை ஃபைலாக இறக்குவது. பிறகு எழுத்துப் பக்கம், பிறகு படம், கடைசியில் ஒலி. ஒவ்வொன்றுக்கும் நடுவே 5 விநாடி இடைவெளி. அவசரப்பட்டால் 429 என்று கதவடைக்கும், அதுவும் நியாயம்தான், இப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறது.

16 அக்டோபர், புதன்

நத்திங் டச்சஸ் மீ. ரேம் வரியில் ஆர்டிஎஸ்பி இருந்த இடத்தில் எச்டிடிபி போட்டு சிடிஎக்ஸில் கேட்டால் என்ன? சின்னத் தளங்களில் ஒரே இயந்திரமே இரண்டு வேலையும் பார்த்திருக்கலாம்.

இரண்டு வரி வந்தது. முதலாவது 2000, நிலை 200, அளவு 412 பைட். பாட்டு இல்லை. 14.4 ரகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 1 கேபி, மூன்றரை நிமிடத்துக்கு 210 கேபியாவது வேண்டும். இது ‘பக்கம் இல்லை’ என்ற அறிவிப்பு, 200 என்று வேஷம் போட்டு வந்திருக்கிறது.

இரண்டாவது 1999. அளவு 214 கேபி. இறங்கிக்கொண்டிருக்கிறது.